தொட்டியில் ஒரு மீன் குறைகிறதா?

நேற்று பத்து நியான் டெட்ரா இருந்த தொட்டியில் இன்று எட்டு. மேலே மிதக்கும் மீனும் இல்லை, தரையில் குதித்து விழுந்ததும் இல்லை. வீட்டில் பூனையும் கிடையாது. இரவில் விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் கழித்துக் கல்லுக்கு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். 'சின்ன இறால்தானே' என்று வாங்கி விட்ட ஒன்று அங்கே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம்.

கடைகளில் விற்கும் சிவப்புச் செர்ரி இறால் பரம சாது. பாசியைச் சுரண்டித் தின்னும். ஆனால் பெரிய மீன்களுக்குத் தீனியாக விற்கும் கண்ணாடி நிற இறால்களில் பல, நம் உடாங் காலாவின் உறவுக்காரர்கள். வித்தியாசம் கைகளில் தெரியும். செர்ரி இறாலின் முன்கால்கள் எல்லாமே குட்டையாக இருக்கும். வேட்டைக்கார இறாலுக்கு இரண்டாவது ஜோடிக் கால்கள் மட்டும் நீண்டு, நுனியில் இடுக்கி வைத்திருக்கும். அந்த இடுக்கியைப் பார்த்தால் குட்டி மீன்களோடு விடாதீர்கள்.

அந்தக் குடும்பத்தின் ராஜா உடாங் காலாதான். மலாயில் 'காலா' என்றால் நீளமான கழி. பெயரே கையைப் பற்றித்தான். ஆண் இறால் முப்பது சென்டிமீட்டரைத் தாண்டியும் வளரும். முழு வளர்ச்சி பெற்ற ஆணின் கைகள் அடர்நீலம். தெலுக் இந்தான் பக்கம் இதைக் குழம்பில் பார்த்தவர்கள்தான் அதிகம். சிங்கப்பூரில் குளத்தங்கரையில் உட்கார்ந்து இறால் பிடிக்கப் போகும் குடும்பங்களுக்கும் இது பழக்கம். அங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. அடுப்பில் வைக்கும் நேரத்தில் பிள்ளை அழும்: "அப்பா, இத வீட்டுக்குக் கொண்டு போலாம்ப்பா!"

கொண்டு போகலாம். ஆனால் முடிவு செய்ய வேண்டியது ஒன்று: அந்தத் தொட்டி இனி அந்த இறாலுக்கு மட்டுமே. வயிறு நிறையத் தீனி போட்டாலும், தூங்கும் மீன் கைக்கு எட்டினால் அது விடாது. இரண்டு ஆண்களை ஒன்றாக விட்டால் சண்டைதான். குறைந்தது மூன்றடித் தொட்டி, ஒளிந்துகொள்ள ஒரு பிவிசி குழாய், குளோரின் நீக்கிய தண்ணீர், இறுக்கமான மூடி. மூடி முக்கியம், காற்றுக் குழாயைப் பிடித்து ஏறி வெளியே வந்துவிடும். மீனுக்குப் போடும் மருந்தில் செம்பு இருந்தால் இறால் செத்துவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஒருநாள் காலையில் இறால் அசையாமல் கிடக்கும். பிள்ளை அழுவதற்குள் உற்றுப் பாருங்கள், பெரும்பாலும் அது வெறும் ஓடு. தோல் உரித்த இறால் குழாய்க்குள் பதுங்கியிருக்கும். உடம்பு மெத்தென்று இருக்கும் அந்த நாட்களில் வேட்டைக்காரனே இரை. கூட இருக்கும் இன்னோர் இறால் அதைத் தின்றுவிடும். ஓட்டை எடுத்து எறியாதீர்கள். சுண்ணாம்புச் சத்துக்காக அதுவே தின்னும்.

வயிற்றுக்கடியில் முட்டை சுமக்கும் பெண் இறாலைப் பார்த்துக் குஞ்சு பொரிக்கும் கனவு வேண்டாம். குஞ்சுகள் நல்ல தண்ணீரில் பிழைக்காது. காட்டில் தாய் இறால் ஆற்றோடு கழிமுகத்துக்கு இறங்குவது அதற்காகத்தான். உப்புக் கலந்த நீர் வேண்டும் என்பதை 1961இல் கண்டுபிடித்தவர் ஷாவோ வென் லிங், இடம் நம் பினாங்கின் குளுகோர். இன்று பல நாடுகளில் நடக்கும் உடாங் காலா வளர்ப்புக்கு அதுதான் ஆரம்பம். நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்!

சரி, வளர்த்துப் பார்த்தோம், முடியவில்லை. பக்கத்துக் கால்வாயில் விட்டுவிடலாமா? கூடாது. சிங்கப்பூரில் அது சட்டப்படி குற்றம். மலேசியாவிலும், தொட்டியில் வளர்ந்தது நோயோடு ஆற்றுக்குப் போனால் அங்கிருக்கும் இறாலுக்குத்தான் ஆபத்து. வாங்கிய கடையில் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று வாங்கும்போதே கேட்டு வையுங்கள்.