அழிவுக்கு எத்தனை பெயர்கள், தெரியுமா?

சோறு ஊசிப்போகும். மரம் உளுத்துப்போகும். துணி நைந்துபோகும், கயிறு இற்றுப்போகும், ஏரி தூர்ந்துபோகும். எது எப்படி அழிகிறதோ அதற்கென்றே தனி வினை வைத்திருக்கிறது தமிழ்! இந்தக் கூட்டத்தில் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் கார் ஆலைகளுக்குப் பரம எதிரி யார் தெரியுமா? துரு!

யாழ்ப்பாணத்தில் துருவுக்குப் பெயர் கறள். கன்னடத்தில் துக்கு. தெலுங்கிலோ துப்பு, நம் ஊர்ப் போலீஸ் தேடுவது வேறு துப்பு! மலையாளத்தில் துரும்பு என்றாலே துருதான். செம்பில் பச்சையாகப் படிவதைத் துரு என்று சொல்லிவிடாதீர்கள், அது களிம்பு. உயிரை அநாதியாகவே பற்றியிருக்கும் ஆணவ மலத்துக்குச் சைவ சித்தாந்தம் எடுத்த உவமை அந்தச் செம்புக் களிம்பு என்றால் பாருங்கள்!

துருவைத் தடுக்க ஆலையின் பெயிண்ட் ஷாப்பில் நடப்பது இன்னும் வியப்பு. காரின் வெறும் கூட்டை எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவி, துத்தநாக பாஸ்பேட் படலம் ஏற்றி, அப்படியே பெயிண்ட் தொட்டிக்குள் முழுக்காட்டுகிறார்கள். உள்ளே மின்சாரம்! கூடுதான் எதிர்மின் முனை. பெயிண்ட் துகள்கள் அதைத் தேடி ஓடி, தூரிகையும் கையும் நுழையாத உள்மூலைகளில்கூட ஒட்டிக்கொள்கின்றன. அந்தப் பூச்சின் தடிமன் சுமார் 20 மைக்ரான்தான், தலைமுடியைவிட மெல்லிசு! பிறகு அடுப்பில் சுட்டெடுத்தால் இறுகிவிடும். பூச்சின் உறுதியைப் பார்க்க உப்புப் புகைச் சோதனையும் உண்டு: 35 டிகிரி வெப்பமுள்ள பெட்டிக்குள் 5 சதவீத உப்பு நீரைப் பனிபோல் தெளித்து, மாதிரித் தகட்டை மணிக்கணக்கில் வதைப்பார்கள். கப்பலேறும் உதிரி பாகங்களுக்கோ துரு தடுக்கும் ஆவியைக் கசியவிடும் பிளாஸ்டிக் உறை!

அழிவு இலக்கணத்துக்குள்ளும் புகுந்திருக்கிறது, தெரியுமா? சொற்கள் சேரும்போது வரும் மாற்றங்களை நன்னூல் மூன்றாகப் பிரிக்கிறது: தோன்றல், திரிதல், கெடுதல். மரம், வேர் இரண்டும் சேர்ந்து மரவேர் ஆகும்போது மகர மெய் கெட்டது என்பார் தமிழாசிரியர். ஸ்ரீபெரும்புதூர் என்ற பெயரையே பிரித்துப் பாருங்களேன். பெருமை, புதூர் இரண்டும் சேரும்போது 'மை' கெடுகிறது, அந்த இடத்தில் 'ம்' தோன்றுகிறது!