கோடையில் பசுமை, குளிரில் வைக்கோல்

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனைச் சுற்றியுள்ள ஊர்களில் ஒரு வேடிக்கையைக் காணலாம். அடுத்தடுத்த வீடுகளில் இரண்டு புல்தரைகள். ஜூலை வெயிலில் ஒன்று பச்சைப்பசேலென்று இருக்கும். மற்றொன்று வாடிப் பழுப்பேறிக் கிடக்கும். ஜனவரியில் நிலைமை தலைகீழ்! பசுமையாயிருந்தது வைக்கோல் நிறமாகிவிடும். வாடியிருந்ததோ ஓரளவு பச்சையாக நிற்கும். இது ஏன்?

முதலாவது, ஜாய்சியா என்னும் வெப்பப் பருவப் புல். நம் அறுகம்புல்லும் இவ்வகையைச் சேர்ந்ததே. அங்கே அதைப் பெர்முடாப் புல் என்பர். மற்றது கென்டக்கி நீலப்புல். இது குளிர்ப் பருவப் புல். முன்னது 27 முதல் 35 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் செழிக்கும். பின்னதற்கு 15 முதல் 24 டிகிரி போதும்.

இவ்வேறுபாட்டின் முக்கியக் காரணம் இலைக்குள் இருக்கிறது. ஒளிச்சேர்க்கையின்போது கரியமில வாயுவைப் பிடித்துச் சர்க்கரையாக்கும் வேலையைத் தொடங்கி வைப்பது ரூபிஸ்கோ என்னும் நொதி. அதற்கு ஒரு குறை உண்டு. வெப்பம் ஏற ஏற, கரியமில வாயுவுக்குப் பதிலாக ஆக்சிஜனை அடிக்கடி பிடித்துவிடும். அதனால் சேர்த்த கார்பனில் ஒரு பகுதி வீணாகிறது. நீலப்புல் கோடையில் சோர்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

வெப்பப் பருவப் புல் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. முதலில் வேறொரு நொதி கரியமில வாயுவைப் பிடித்து, நான்கு கார்பன் அணுக்கள் கொண்ட அமிலமாக்குகிறது. அவ்வமிலம் இலை நரம்பைச் சூழ்ந்த உறைச் செல்களுக்குச் சென்று, அங்கே வாயுவை வெளிவிடுகிறது. ரூபிஸ்கோ இருப்பது அங்கேதான். வாயு செறிந்திருப்பதால் அது தவறு செய்வது அரிது. இலைத்துளைகளை அகலத் திறந்து வைக்கவும் தேவையில்லை. ஆகவே நீரும் மிச்சமாகிறது. 1966-இல் ஆஸ்திரேலியாவில் ஹாட்ச், ஸ்லாக் என்னும் இரு விஞ்ஞானிகள் கரும்பை ஆராய்ந்து இம்முறையை விளக்கினர்.

ஆனால் இதற்குக் கூடுதல் ஆற்றல் செலவாகும். குளிரில் ரூபிஸ்கோவின் தவறு குறைவு. எனவே அச்செலவு வீண்தான். மண்ணின் வெப்பம் ஏறத்தாழ 10 டிகிரிக்குக் கீழே இறங்கினால் இப்புல் உறங்கிவிடும். இலை காய்ந்தாலும் புல் சாவதில்லை. மண்ணுக்குள் உள்ள தண்டுகளில் சேமித்த உணவைக் கொண்டு வசந்தத்தில் மீண்டும் துளிர்க்கும். கடுங்குளிர் அத்தண்டையும் உறையச் செய்தால், பெர்முடாப் புல் திட்டுத் திட்டாக மடியும். இதனால்தான் குளிரைத் தாங்கும் வகைகளைத் தேடுகிறார்கள். 1951-இல் வெளியிடப்பட்ட 'மேயர்' ஜாய்சியா அத்தகையது.

கோடை முழுவதும் நீர் இறைப்பதா, குளிர்காலம் முழுவதும் வைக்கோல் நிறத்தைப் பொறுப்பதா? அவ்வூர் மக்கள் தீர்மானிக்க வேண்டியது இதுவே.

மாணவர்களே! அறுகம்புல் ஒன்றை மெல்லத் தோண்டிப் பாருங்கள். கணுக்களோடு கூடிய வெள்ளைத் தண்டு தெரியும். பனியிலும் புல்லின் உயிரைக் காப்பது அதுவே.