தாத்தா வேஷத்தில் பேரன் எஞ்சின்! தெரியுமா?

பழைய செவர்லே காரின் பானெட்டைத் தூக்கியதும் "ஆஹா, 1955 அசல் எஞ்சின்!" என்று வாய் பிளக்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். தாத்தாவின் வேட்டி சட்டையை மாட்டிக்கொண்டு பேரன் நின்றுகொண்டிருக்கலாம்!

எட் கோல் என்ற எஞ்சினியரின் தலைமையில் உருவான செவர்லேயின் சிறிய வி8 எஞ்சின் 1955-ல் வந்தது. கொள்ளளவு 265 கன அங்குலம், அதாவது சுமார் 4.3 லிட்டர். 12 வருஷம் கழித்து, 1967 கமாரோ காரில், இதே குடும்பத்தின் 350 கன அங்குல எஞ்சின் (5.7 லிட்டர்) இறங்கியது. அடுத்தடுத்த சிலிண்டர்களின் மையத்துக்கு இடையே உள்ள தூரம் இரண்டிலுமே 4.4 அங்குலம்தான்! உடம்புவாகு ஒன்றுபோல இருந்தால் வேஷம் கட்டுவதா கஷ்டம்? 350-க்கு உதிரிபாகம் சுலபமாகக் கிடைக்கும், இழுவையும் அதிகம். அதனால் அமெரிக்கப் பழைய கார்ப் பிரியர்கள் அதை 1955 காரில் இறக்கிவிட்டு, மேலே பழைய மேக்கப் போடுகிறார்கள்.

என்ன மேக்கப்? முதலில் ஆரஞ்சு பெயின்ட். அடுத்து, 'செவர்லே' என்று சாய்வெழுத்து பொறித்த பழைய வால்வு கவர். இங்கேதான் பல வேஷங்கள் கலைகின்றன! 1959 வரை வந்த சிலிண்டர் ஹெட்டுகளில் கவரின் மேல் வரிசை போல்ட்டும் கீழ் வரிசை போல்ட்டும் நேருக்கு நேர் இருக்காது, விலகி இருக்கும். 1960 முதல் நேருக்கு நேர். புது ஹெட்டுக்கு ஏற்ற போல்ட் துளைகளோடு, பழைய எழுத்துப் போட்ட கவர்களும் விற்கின்றன. வாங்கி மாட்டிவிடலாம்தான், ஆனால் விவரம் தெரிந்தவர் எழுத்தைப் பார்க்க மாட்டார், போல்ட்டைத்தான் பார்ப்பார்.

அப்புறம், எஞ்சினின் முன்புறம் நிமிர்ந்து நிற்கும் ஆயில் ஊற்றும் குழாய். அது பழைய இன்டேக் மேனிஃபோல்டோடு சேர்ந்தே வரும், அதையும் தேடிப்பிடித்து மாட்டுகிறார்கள். சிரத்தையைப் பாருங்கள்!

இன்னொரு வேடிக்கை தெரியுமா? எஞ்சின் பிளாக்கில் வார்த்த தேதிக் குறியீட்டில் மாதத்துக்கு ஓர் எழுத்து, பிறகு நாள், கடைசியில் பெரும்பாலும் வருஷத்தின் கடைசி இலக்கம் மட்டும். 5 என்று முடிந்தால் அது 1955-ஆகவும் இருக்கலாம், 1975-ஆகவும் இருக்கலாம்! ஆனால் காருக்கு அடியில் படுத்துப் பார்த்தால் வேஷம் கலைந்துவிடும். 1955 பிளாக்கில் ஆயில் ஃபில்டருக்கு இடமே கிடையாது, அடுத்த வருஷம்தான் வந்தது. பிளாக்கின் பக்கவாட்டில் எஞ்சின் மவுன்ட்டுக்கான துளைகள் தெரிந்தால், அது 1958 அல்லது அதற்குப் பிந்தைய பிளாக்!

டைனமோ கூட்டுக்குள் ஆல்டர்னேட்டர், பழைய டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் பிளாட்டினம் பாயின்ட்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் இக்னிஷன், கார்புரேட்டர் சாயலில் ஃப்யூயல் இன்ஜெக்ஷன்... எல்லாமே உண்டு. சொந்த வண்டிக்கு ஆசை தீர இதையெல்லாம் செய்யலாம், தப்பில்லை. விற்கும்போது வாயைத் திறக்காமல் அசல் விலை கேட்டால்தான் அது பச்சை மோசடி.

சரி, ஃபோர்டு ரசிகர்கள் சும்மா இருப்பார்களா? 1928 முதல் 1931 வரை வந்த மாடல் ஏ காரில், 1932-ல் வந்த மாடல் பி எஞ்சினை ஒளித்துவைக்கிறார்கள். இரண்டும் ஒரே 200.5 கன அங்குலம், ஆனால் ஏ தருவது 40 குதிரைத்திறன், பி தருவது 50! கிராங்கைத் தாங்கும் மெயின் பேரிங்கின் விட்டம் ஏ-யில் ஒன்றே ஐந்தெட்டு அங்குலம், பி-யில் 2 அங்குலம். இந்த வலுவெல்லாம் உள்ளே மறைந்துவிடும். மறையாதது பெட்ரோல் பம்ப்தான். ஏ-யில் டாங்கி டாஷ்போர்டுக்கு முன்னால் உயரத்தில் இருக்கும், பெட்ரோல் தானாகவே இறங்கி வரும், பம்ப்பே வேண்டாம். பி-யின் பிளாக்கில் பம்ப்புக்கு இடம் வைத்திருப்பார்கள். ஆகவே பம்ப்பைக் கழற்றி, அந்த ஓட்டையைத் தகடு போட்டு மூடிவிடுகிறார்கள். பி-யின் டிஸ்ட்ரிபியூட்டர் ஸ்பார்க் நேரத்தைத் தானே முன்னுக்குத் தள்ளும். அதையும் கழற்றிவிட்டு ஏ-யுடையதை மாட்டினால், ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஸ்பார்க் லீவரை ஓட்டுபவர் பழையபடி கையாலேயே இழுத்துக்கொள்ளலாம்!