கடலுக்கும் உண்டு கால அட்டவணை!

மும்பையில் பிழைக்க வந்த தமிழனுக்கு வாரத்தில் ஓய்வு ஒரே ஒரு நாள். அந்த ஒரு நாளும் தண்ணீர் பிடிப்பதிலும், துணி துவைப்பதிலும், கடை கண்ணிக்குப் போவதிலும் கழிந்துவிடும். மனைவி மக்களோடு எங்கே போவது? ஜூஹு கடற்கரைக்குப் போனால் மனிதத் தலைகளைத்தான் பார்க்கலாம்!

தாராவி தோல் பட்டறையில் வேலை பார்க்கும் நெல்லைச் சீமைக்காரர் ஒருவர் வேறு இடம் தேடினார். பேரப்பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து வந்த அவருடைய தாயார், இரண்டு மாதமாகச் சந்தை விட்டு வெளியே போகவில்லை. அவர் கண்ட மும்பை, பத்துக்குப் பத்து அறைதான். ஊர் திரும்புமுன் எதையாவது காட்டிவிட வேண்டும் என்பது மகனின் ஆசை.

சேறுதான் மிச்சம்

பிப்ரவரி மாதத்து ஞாயிறு. சயானில் ரயில் ஏறி, தானேயில் மாறி, ஐரோலியில் இறங்கினார்கள். அங்கே வனத்துறையின் கடல்வாழ் உயிரின மையம் இருக்கிறது. மராட்டியர் 'காடி' என்று சொல்லும் தானே கடற்கழியில் படகில் போய்ப் பூநாரைகளைப் பார்க்கலாம். 2015-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம் இது. 2022-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈர நிலங்களின் பட்டியலிலும் சேர்ந்தது.

ஐந்து பேரும் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. படகு தரைதட்டிக் கிடந்தது. கண்ணுக்கு எட்டிய வரை சேறு! தண்ணீர் வற்றிவிட்டது. அலையாத்தி மரங்களின் மூச்சு வேர்கள் ஆணி அடித்தாற்போல் நின்றன. அவற்றுக்கிடையே ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக உள்ள நண்டுகள் ஓடின. பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். தகப்பனுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. ஒரு நாள் ஓய்வு வீண். வண்டிச் சத்தமும் வீண்.

"வரும் ஞாயிறு இதே நேரத்துக்கு வாருங்கள்" என்றார் படகுக்காரர்.

அதில் கணக்கு இருக்கிறது. கடல் ஒரு நாளில் இருமுறை ஏறி, இருமுறை வற்றும். ஏறும் நேரம் தினமும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். ஏழு நாளில் ஆறு மணி நேரம் தள்ளிவிடும். ஆகவே இந்த ஞாயிறு வற்றிய நேரத்தில் அடுத்த ஞாயிறு வெள்ளம் நிற்கும். 8.12 வண்டிக்குக் கடிகாரம் பார்த்து ஓடுகிற நாம், கடலுக்கு நேரம் பார்ப்பதில்லை!

நம்ம ஊர்ப் பறவை!

மறு ஞாயிறு. செவ்வாயன்று தாயாருக்கு ஊருக்கு ரயில். இதை விட்டால் வேறு நாள் இல்லை. ஐந்து பேருக்கும் படகுக் கட்டணம் கட்டுப்படி ஆகவில்லை. தகப்பன் கரையிலேயே நின்றுகொண்டு நான்கு சீட்டு வாங்கினார்.

படகு அலையாத்திக் காட்டை ஒட்டிச் சென்று திரும்பியது. ஆழமில்லாத ஓரத்தில் இளஞ்சிவப்புக் கோடு ஒன்று தெரிந்தது. நெருங்க நெருங்க அது நூற்றுக்கணக்கான பறவைகளானது! வளைந்த அலகைத் தலைகீழாக நீரில் கவிழ்த்து, பாசியையும் சிற்றுயிர்களையும் வடிகட்டித் தின்றுகொண்டிருந்தன. தின்னும் உணவிலுள்ள நிறமிதான் இறகுக்குச் சிவப்பைத் தருகிறது. இளம் பறவைகள் சாம்பல் நிறமாகவே இருக்கும். குஜராத்தின் கட்சுப் பகுதியில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் பூநாரைகள், மழைக்காலம் முடிந்ததும் இரை தேடி இங்கே வந்து, கோடை வரை தங்குகின்றன.

கிழவி எழுந்தே நின்றுவிட்டார். "ஏலே மக்கா, இது நம்ம கூந்தங்குளத்துக்கு வருகிற பறவைல்லா!"

நாங்குநேரி வட்டாரத்துக் கூந்தன்குளத்துக்கும் பூநாரை வருவதுண்டு. பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்குக்கூட அந்த ஊரில் வெடி வெடிப்பதில்லை. பாட்டி இதைச் சொல்லச் சொல்ல, மும்பையில் பிறந்த பேரன் வாய் பிளந்து கேட்டான். கரை சேர்ந்ததும் ஓடிப்போய்த் தகப்பனிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தான். அவர் படகில் ஏறவில்லை, ஆனால் பார்த்துவிட்டார்!

போக விரும்புவோருக்கு

நவம்பர் முதல் மே வரை பூநாரைக் காலம். வெள்ளம் முழுதும் ஏறினால் பறவை நிற்க இடமில்லை; வற்றிவிட்டால் படகு ஓடாது. எனவே படகு நேரத்தை முன்னதாகக் கேட்டுக்கொண்டு புறப்படுங்கள். கட்டுச்சோறு கொண்டுபோகலாம், பிளாஸ்டிக் பையைக் கழியில் வீசக்கூடாது. 2024 மே மாதம் காட்கோபர் வானில் விமானம் மோதி முப்பதுக்கும் மேற்பட்ட பூநாரைகள் மாண்டன. அவற்றுக்கு இருக்கும் ஆபத்து போதும். நம்மாலும் ஒன்று வேண்டாம்.

திரும்பும் ரயிலில் கிழவி மகனிடம் சொன்னார்: "அடுத்த தடவை நான் வரும்போது நீயும் படகில் ஏறணும். அந்தக் காசை நான் ஊரிலிருந்து முடிந்து கொண்டுவருவேன்."