உண்டியலில் போட்ட காசு எங்கே போகுது?

மின்சார ரயிலில் உண்டியல் குலுங்குகிறது. "அனாதைப் பிள்ளைங்களுக்கு உதவுங்க சார்!"

சிலர் சில்லறை போடுகிறார்கள். பலர் ஜன்னல் பக்கம் திரும்பிக் கொள்கிறார்கள். கல்நெஞ்சம் அல்ல, சந்தேகம்! "இது போய்ச் சேருமா?"

எவனோ ஒரு போலி ஆசாமி சுருட்டுகிறான். பட்டினி கிடப்பதோ நாணயமான இல்லத்துப் பிள்ளைகள்.

இந்தச் சந்தேகத்தைப் போக்கவே சில அமைப்புகள் இருக்கின்றன. இவை நேரடியாகச் சோறு போடுவதில்லை. சோறு போடும் சங்கங்களின் கணக்கைச் சீராக்குகின்றன. 1986-ல் மும்பையில் அப்படி ஒரு மையம் தொடங்கியது. 2004-ல் தொண்டு நிறுவனங்களே சேர்ந்து 'கிரெடிபிலிட்டி அலையன்ஸ்' என்ற கூட்டமைப்பை ஏற்படுத்தின.

சம்பளத்தையும் சொல்லணும்!

கூட்டமைப்பு போட்ட விதிகள் கறாரானவை. நிர்வாகக் குழு முழுக்கச் சொந்தக்காரர்களாக இருக்கக் கூடாது. (மாமன், மச்சான் கம்பெனி நடக்காது!) தணிக்கை செய்த கணக்கு வேண்டும். தலைவர் சம்பளம் எவ்வளவு, கடைசி ஊழியர் சம்பளம் எவ்வளவு என்று ஆண்டறிக்கையில் போட வேண்டும்.

வவுச்சர் இல்லையே...

பெரிய நிறுவனம் பளபளவென்று இங்கிலீஷில் அறிக்கை அச்சடித்து நன்கொடையை அள்ளிவிடும். குக்கிராமத்தில் நாலு பெண்கள் நடத்தும் சங்கம்? வேலை சுத்தம். வவுச்சர் இல்லை. நன்கொடையும் இல்லை! அவர்களுக்கு கேஷ் புக் எழுதக் கற்றுத் தருவதுதான் உண்மையில் பெரிய உதவி. அது இன்னும் பல ஊர்களுக்குப் போக வேண்டும்.

நன்கொடை கேட்டு வந்தால் ரசீது கேளுங்கள். போன வருஷத்து ஆடிட் கணக்கையும் கேளுங்கள். ஒழுங்கான இடம் முகம் சுளிக்காமல் எடுத்து நீட்டும்.