காத்திருப்பவரின் கணக்கு

பஸ்கள் எப்படி ஓடுகின்றன என்று ஒரு டிப்போ மானேஜரைக் கேட்டால், லிட்டர் டீசலுக்கு எத்தனை கிலோமீட்டர், கிலோமீட்டருக்கு எவ்வளவு வசூல், இருக்கிற வண்டிகளில் எத்தனை ரோட்டில் ஓடுகின்றன என்று மளமளவென்று சொல்வார். எல்லாம் அவசியமான கணக்குகளே. ஆனால், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் தெருக்கோடியையே பார்த்து நிற்கிற தாய்க்கு அந்தக் கணக்குகளில் இடமில்லை.

மணிக்கு 6 பஸ்கள் என்று வைத்துக்கொள்வோம். 10 நிமிஷத்துக்கு ஒன்றாக அவை ஒழுங்காக வந்தால், தோன்றியபோது வந்து நிற்கும் பிரயாணி சராசரியாக 5 நிமிஷம் காத்திருப்பார். அதே 6 பஸ்களும் இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டு 20 நிமிஷத்துக்கு ஒருமுறை வந்தால், காத்திருப்பு 10 நிமிஷமாகிவிடும். நிர்வாகத்தின் நோட்டிலோ டீசலும் மாறாது, டிரிப்பும் குறையாது. இதற்கு டிரைவரை நொந்துகொள்வது நியாயமல்ல. முன்னே போகும் பஸ் சற்றுப் பிந்தினால் அடுத்த ஸ்டாப்பில் கூட்டம் சேர்கிறது. அதை ஏற்றி இறக்குவதில் இன்னும் பிந்துகிறது. பின்னால் வருவது ஆளில்லாமல் விரைந்து வந்து அதை எட்டிப் பிடித்துவிடுகிறது.

லண்டன் மாநகரம் இந்த அவஸ்தையையே அளவுகோலாக்கிக்கொண்டது. மணிக்கு 5 பஸ்களும் அதற்கு மேலும் ஓடும் தடங்களில், அட்டவணைப்படி நேர வேண்டிய காத்திருப்பு எவ்வளவு, மெய்யாக நேர்ந்தது எவ்வளவு என்று பஸ்களின் நடமாட்டத்தைக் கொண்டு கணித்து, அந்த மிகுதியை ஒட்டியே பஸ் நடத்தும் கம்பெனிகளுக்கு வெகுமதி கொடுக்கிறார்கள் அல்லது பணத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். அங்கே ஓடிக்கொண்டிருக்கும் பஸ் ஒரு ஸ்டாப்பில் நின்றுவிடும்; இடைவெளியைச் சீர்செய்யச் சற்று நிற்கிறோம் என்று ஒலிபெருக்கி சொல்லும். உள்ளே இருப்பவர்களுக்கு எரிச்சல்தான். ஆயினும் அந்த ஒரு நிமிஷம், இனி ஸ்டாப்புக்கு வரப்போகும் முகம் தெரியாதவர்களுக்குச் செய்யும் உபகாரம் என்றே எனக்குப் படுகிறது.

வண்டியை எண்ணுவதா, பிரயாணியை எண்ணுவதா என்ற இதே பேதம் ரயிலிலும் உண்டு. ஸ்விட்சர்லாந்தின் ரயில்வே, குறித்த வேளைக்கு 3 நிமிஷத்துக்குள் போய்ச் சேர்ந்த ரயில்களை எண்ணுவதோடு நில்லாமல், அப்படிப் போய்ச் சேர்ந்த பிரயாணிகளையே எண்ணுகிறது. ஆகவே நெரிசலான காலை வண்டியின் தாமதம், வெறிச்சோடிய இரவு வண்டியின் தாமதத்துக்குச் சமமாகிவிடுவதில்லை. ஜெர்மனி வழக்கமாக வெளியிடும் கணக்கிலோ, 6 நிமிஷத்துக்குள் வந்தது நேரத்தில் வந்ததாகும். ரத்தான ரயில் அந்தக் கணக்கிலேயே சேராது. வராத ரயிலுக்காகப் பெட்டியும் கையுமாகப் பிளாட்பாரத்தில் நின்ற குடும்பத்தின் பொழுதை எந்தப் பத்தியில் எழுதுவது?