மாத்திரை நேரமும் செல்பேசி மணியும்



பழவேற்காடு ஏரியோரக் குப்பங்களில் நோயாளர்களுக்கு நற்கருணை எடுத்துச் செல்லும்போது நாம் ஒரு மாற்றத்தைக் கவனித்து வருகிறோம். முன்பு மாதா படத்தின் பின்னால் செருகியிருந்த மருந்துச் சீட்டு இப்போது செல்பேசிக்குள் போய்விட்டது. வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது, மாத்திரை நேரத்தை நினைவூட்டும் செயலியை அப்பாவின் செல்பேசியில் இறக்கித் தந்துவிட்டுப் போகிறார்கள். நல்ல எண்ணம்தான்.

ஒரு வீட்டில் அப்படி வைத்த மணி காலை எட்டுக்கு அடித்தது. இரவெல்லாம் ஏரியில் வலை போட்டுவிட்டு அப்போதுதான் கரை சேர்ந்த அப்பா, சர்க்கரை மாத்திரையை விழுங்கிவிட்டுச் சாப்பிடாமலேயே படுத்துவிட்டார். பத்து மணிக்கு மனைவி எழுப்பியபோது உடலெல்லாம் வியர்வை, கை நடுக்கம், பேச்சிலும் குழறல். குடித்திருக்கிறார் என்றே அக்கம்பக்கத்தார் நினைத்தார்கள். வெட்கத்தோடு சொல்கிறோம், நாமும் முதலில் அப்படித்தான் நினைத்தோம். மருமகள்தான் விவரம் தெரிந்து சர்க்கரை கரைத்துக் கொடுத்தார்.

நடந்தது இதுதான். கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகள் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கின்றன. நாம் சாப்பிட்டோமா இல்லையா என்று அவை பார்ப்பதில்லை. வயிறு காலியாக இருந்தால் இரத்தத்தில் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். மெட்பார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இது அரிது. செயலிக்குக் கடிகாரம் தெரியும். நம் ஊர்ப் பாடு முறை தெரியாது. எந்த இடத்தில் யார், எந்த நாளில் வலை போடுவது என்பது முறை வைத்து மாறும்போது, உண்ணும் நேரமும் உறங்கும் நேரமும் சேர்ந்தே மாறுகின்றன. ஆகவே மணி வைக்கும் முன் மருத்துவரிடம், "நான் இரவுத் தொழிலுக்குப் போகிறவன், எந்த வேளைச் சாப்பாட்டோடு இந்த மாத்திரை?" என்று கேட்டுக்கொள்ள வேண்டும். தாமாகவே மாத்திரையை நிறுத்துவதும் கூடாது.

இதனால் செல்பேசியே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. சென்னை மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், சர்க்கரை நோய் வரும் நிலையில் இருந்த 537 ஆண்கள் பங்கேற்றனர். ஒரு பாதியினருக்கு உணவு, நடைப்பயிற்சி பற்றிய குறுஞ்செய்திகள் தொடர்ந்து அனுப்பப்பட்டன. இரண்டு ஆண்டுகளில் செய்தி பெறாதவர்களில் 100-க்கு 27 பேருக்கும், பெற்றவர்களில் 100-க்கு 18 பேருக்கும் நோய் வந்தது. சாதாரணக் குறுஞ்செய்தி அவ்வளவு செய்திருக்கிறது! 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலும், வீடு தேடி வந்த பெண் தன்னார்வலர்கள் நோயாளிகளின் விவரங்களைச் செல்பேசியில்தான் பதிந்தார்கள்.

ஆனால் கேமராவில் விரலை வைத்தால் இரத்த அழுத்தம் சொல்கிறோம் என்னும் செயலிகளை நம்பிவிட வேண்டாம். அமெரிக்காவில் ஏராளமானோர் வாங்கிய அத்தகைய ஒன்றை 2016-இல் சோதித்தபோது, உயர் அழுத்தம் உள்ளவர்களில் பத்துக்கு ஏறக்குறைய எட்டுப் பேருக்கு அது அழுத்தம் சரியாக இருப்பதாகவே காட்டியது. கையில் பட்டை கட்டி அளப்பதே அளவு.

அதே கேமரா நமக்கு வேறொரு விதத்தில் உதவும். ஏரித் தண்ணீரில் நின்று கையால் இறால் தடவும் பெண்களுக்கும், வலை இழுக்கும் ஆண்களுக்கும் காலில் கிளிஞ்சல் கிழிப்பது அன்றாடம். சர்க்கரை நோயால் உணர்ச்சி மரத்த காலில் அந்தக் காயம் தெரியாமலே புரையோடும். குனிந்து உள்ளங்காலைப் பார்க்க முடியாத முதியவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் தினமும் ஒரு படம் எடுத்துக் காட்டலாம். சிவப்போ நீரோ தெரிந்தால், அந்தப் படத்தோடு அன்றே மருத்துவமனைக்குப் போகலாம்.

சர்க்கரை இறங்கி நடுங்குபவருக்கு, விழுங்கும் நிலையில் இருந்தால், மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரத்தில் மீண்டும் பார்க்க வேண்டும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள்.

நாம் சொன்ன அந்த வீட்டில் இப்போது மருத்துவரிடம் கேட்டு நேரத்தை மாற்றியிருக்கிறார்கள். மணி அடிப்பதும் மனைவியின் செல்பேசியில்தான். சோற்றைத் தட்டில் போட்டுவிட்டே அவர் மாத்திரை அட்டையை எடுக்கிறார்.